மருந்துக்கடை திறக்கச் சங்கத்தின் கடிதம் வேண்டுமா?

டெல்டா மாவட்டம் ஒன்றின் நகராட்சியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். டி.பார்ம். படித்துப் பதிவு பெற்ற மருந்தாளுநரான அவர், 14 ஆண்டுகள் பிறர் கடைகளில் வேலை பார்த்தபின், அரசு மருத்துவமனைக்கு அருகே சொந்தமாக ஒரு மருந்துக்கடை திறக்க இடம் பிடித்து, அதற்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். இச்செய்தி பரவியதும் ஊரிலுள்ள மருந்து வணிகர் சங்கத்தின் பொறுப்பாளர்கள் இருவர் வீட்டுக்கே வந்து மூன்று நிபந்தனைகளைச் சொல்லியிருக்கிறார்கள்: சங்கத்திடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்; ஏற்கெனவே உள்ள கடையிலிருந்து 300 மீட்டர் தள்ளித்தான் திறக்க வேண்டும்; எம்.ஆர்.பி. விலையில் தள்ளுபடி தரமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அடுத்த வாரமே, கடைகளுக்கு மொத்தமாக மருந்து வழங்கும், பல ஆண்டுகளாக அவருக்குப் பழக்கமான ஸ்டாக்கிஸ்ட் ஒருவர், "சங்கத்துல லெட்டர் வாங்கிட்டு வாங்கம்மா, அப்புறம் பில் போடுறேன்" என்று சொல்லிவிட்டாராம். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விசாரித்தபோதும் ஒருவர், "சங்கத்தோட பேசிட்டு வந்துடுங்களேன்" என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். சங்கம் கேட்ட பணத்தைக் கட்டிச் சான்று வாங்கிவிடுவதா, வழக்குப் போடுவதா, இடத்துக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்பதா என்பது அவருடைய கேள்வி. "இந்த லைசென்ஸ் முறையையே எடுத்துவிட்டால் என்னைப் போன்றவர்கள் பிழைத்துக்கொள்வோமே" என்றும் கடிதத்தின் முடிவில் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் விடை அதில்தான் தொடங்குகிறது. மருந்து விற்பனைக்கு உரிமம் வேண்டும் என்ற விதி நோயாளியைக் காப்பதற்காக இருக்கிறது. பதிவு பெற்ற மருந்தாளுநர் கடையில் இருக்க வேண்டும், இன்சுலினும் தடுப்பூசியும் குளிரில் இருக்க வேண்டும், மருத்துவர் சீட்டு இல்லாமல் எச் அட்டவணை மருந்தைக் கொடுக்கக்கூடாது என்பவை எடுத்துவிடத் தக்க தடைகள் அல்ல. நீங்கள் 14 ஆண்டுகள் செய்த வேலையின் மதிப்பே அவற்றில்தான் அடங்கியிருக்கிறது. சங்கம் உங்களிடம் கேட்கும் மூன்றும் நோயாளியைக் காப்பவை அல்ல. ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்களின் வியாபாரத்தைக் காப்பவை. அவற்றுக்குச் சட்டத்தின் பலம் இல்லை. இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்த்தால், எதற்குப் பணிய வேண்டும், எதை எதிர்க்கலாம் என்பது தெளிவாகும்.

உரிமத்துக்கு எது தேவை

சில்லறை மருந்துக்கடைக்கு, மருந்து விதிகள் 1945-இன்படி, படிவம் 19-இல் விண்ணப்பித்து, படிவம் 20, 21 ஆகியவற்றில் உரிமம் பெற வேண்டும். விதி 64 கேட்பவை சில: கடையின் பரப்பு 10 சதுர மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், மருந்துகளின் தன்மை கெடாமல் வைக்கும் வசதி வேண்டும், தகுதியுள்ள ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். உங்கள் கோப்பில் வாடகை ஒப்பந்தம், கடையின் வரைபடம், உங்கள் பதிவுச் சான்று, ஃபிரிட்ஜ் வாங்கிய ரசீது ஆகியவை இருக்கும். சங்கத்தின் கடிதத்துக்கு அந்தக் கோப்பில் இடமே இல்லை. இரண்டு கடைகளுக்கு நடுவே இத்தனை மீட்டர் இடைவெளி வேண்டும் என்றும் மருந்து விதிகள் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை உங்களிடம் மறைக்கக்கூடாது. அதே விதி 64-இன் உட்பிரிவு ஒன்று, உரிமம் வழங்கும் அதிகாரி முந்தைய மூன்று ஆண்டுகளில் சராசரியாக எத்தனை உரிமங்கள் வழங்கப்பட்டன என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. ஓர் ஊரில் ஏற்கெனவே எத்தனை கடைகள் இருக்கின்றன என்பதற்கும், புதிதாக வரும் கடையில் விற்கும் மாத்திரையின் தரத்துக்கும் என்ன தொடர்பு? என் பார்வையில், திருத்த வேண்டிய விதி இதுதான். இருந்தாலும் இப்பிரிவும் எண்ணிக்கையைப் பார்க்கும் வேலையை அதிகாரிக்குத்தான் தருகிறது. சங்கத்தின் சம்மதத்தைக் கேட்கச் சொல்லவில்லை. உரிமம் மறுக்கப்பட்டால் உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யும் உரிமையையும் அதே விதி தருகிறது.

அலுவலகத்தில் வாய்மொழியாகக் கேட்ட சொல்லை வைத்து யார் மீதும் குற்றம் சொல்லி எழுதாதீர்கள். முழுமையான விண்ணப்பத்தைக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். குறை ஏதும் இருந்தால் எழுத்தில் தெரிவிக்கும்படி மரியாதையாக ஒரு கடிதம் இணையுங்கள். சங்கத்தின் சான்று இல்லை என்பதை எழுத்தில் ஒரு குறையாகக் காட்ட எந்த அதிகாரியும் துணியமாட்டார். விண்ணப்பம் காரணமின்றிக் கிடப்பில் போடப்பட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் அதன் நிலையைக் கேட்கலாம்; பின்னர் குறித்த காலத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுவும் போடலாம்.

உரிமம் கிடைத்தபின் பக்கத்துக் கடைக்காரர் வழக்குப் போட்டு அதை ரத்து செய்துவிடுவார் என்று பயப்படுகிறீர்கள். இதில் உச்ச நீதிமன்றத்தின் நிலை நெடுங்காலமாகத் தெளிவாக உள்ளது. 1970-இல் நாகர் ரைஸ் அண்ட் ஃப்ளோர் மில்ஸ் வழக்கில், தன் வியாபாரம் பாதிக்கப்படும் என்பதற்காக இன்னொருவர் தொழில் செய்யக்கூடாது என்று கேட்கும் உரிமை ஓர் அரிசி ஆலைக்காரருக்கு இல்லை என்றது. 1975-இல் ஜஸ்பாய் மோதிபாய் தேசாய் வழக்கில், ஒரு திரையரங்க உரிமையாளர் புதிய அரங்குக்கு அரசு தந்த தடையில்லாச் சான்றை எதிர்த்தபோது, போட்டியால் வருமானம் குறையும் என்பது மட்டுமே அவரைப் பாதிக்கப்பட்டவராக்காது என்றது. தொழில் செய்யும் உரிமை அரசியல் சாசனத்தின் 19(1)(ஜி) பிரிவில் இருக்கிறது. பொதுநலனுக்காக அதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் சட்டம் இயற்றும் அரசுக்குத்தான் உண்டு.

தள்ளுபடி சட்டவிரோதமா

இந்த இடத்தில் சற்று நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தள்ளுபடி தருவது விதிக்கு விரோதம் என்று சங்கத்தார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது.

மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை 2013, அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பதைத்தான் தடை செய்கிறது. அதற்குக் கீழே விற்பதைத் தடுக்கவில்லை. ஆனால் இந்திய மருந்தியல் குழுமம் வகுத்த தொழில்நெறியில், பரிசு, அன்பளிப்பு முதலியவற்றால் வாடிக்கையாளரை இழுக்கக்கூடாது என்பதோடு, சக மருந்தாளுநர் நியாயமாக வாங்கும் விலையைவிடத் தெரிந்தே குறைவாக விற்கக்கூடாது என்ற கருத்தும் இடம்பெற்றிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் "கவுன்சில் ரூல்" என்று சொன்னது இதையாக இருக்கலாம். மருந்தாளுநரின் கண்ணியத்தைக் காக்க எழுதப்பட்ட நெறியில் விலைக்கு ஒரு தரைமட்டம் நுழைந்துவிட்டது. முதுகுவலி மாத்திரைக்குப் பத்து ரூபாய் குறைவாக வாங்குவது எந்த நோயாளிக்குக் கேடு? இந்த வாசகமும் திருத்தப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது இது. பரிசுக் கூப்பன், குலுக்கல், "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்ற பலகை எதுவும் வேண்டாம். தேவையில்லாத மருந்தை வாங்கத் தூண்டுவது உண்மையிலேயே தவறு. தள்ளுபடியைப் பில்லில் காட்டுங்கள், அது போதும். நெறிமுறையை நடைமுறைப்படுத்தும் வேலையும் மருந்தியல் குழுமங்களுடையது. வணிகர் சங்கத்துக்கு அதில் அதிகாரம் இல்லை. அதைக் காட்டிச் சங்கமே விலையை நிர்ணயிக்க முற்பட்டால், வணிகர்கள் கூடிப் போட்டியை ஒடுக்குவதைத் தடுக்கும் போட்டிச் சட்டத்தின் கீழ் வரும்.

எல்லா மருந்துக்கும் ஒரே மாதிரி 20 சதவீதம் என்ற உங்கள் திட்டத்தைத் தயவுசெய்து மறுபடி கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசு உச்சவரம்பு விலை நிர்ணயித்த பட்டியலில் உள்ள மருந்துகளுக்குச் சில்லறைக் கடையின் பங்கு கொள்முதல் விலையில் 16 சதவீதம். வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், 100 ரூபாய்க்கு வாங்கியது 116 ரூபாய்க்கு விற்கும். அதில் 20 சதவீதம் கழித்தால் 92 ரூபாய் 80 காசு. வாங்கிய ஒவ்வொரு 100 ரூபாய்ச் சரக்கிலும் 7 ரூபாய்க்கு மேல் கையைக் கடிக்கும். இலாபப் பங்கு அதிகமுள்ள ஜெனரிக் மருந்துகளில் கூடுதலாகவும், பட்டியல் மருந்துகளில் குறைவாகவும் தருவதே கடை நிலைக்க வழி. அடிவிலைக்கு விற்றால், அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் போட்டி ஆணையத்தில் உங்கள்மீதே புகார் செய்வோம் என்று அவர்கள் மிரட்டியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போட்டியாளரை ஒழிக்கும் விலையைப் பற்றிய, போட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, சந்தையில் ஆதிக்க நிலையில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும். புதிதாக வரும் ஒற்றைக் கடைக்குப் பொருந்தாது.

சரக்கை நிறுத்தினால்

உங்கள் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. மருத்துவர் எச் அட்டவணை மருந்தைப் பிராண்டு பெயரில் எழுதினால், வேறு பிராண்டை மாற்றிக் கொடுக்க மருந்து விதி 65 உங்களை அனுமதிக்காது. நான்கு மாத்திரை எழுதிய சீட்டில் ஒன்று உங்களிடம் இல்லையென்றால் நோயாளி சீட்டோடு அடுத்த கடைக்குப் போய்விடுவார். எனவே உரிமத்தைத் தடுக்க முடியாத சங்கம் சரக்கைத் தடுத்தே ஒரு கடையை மூடவைக்க முடியும்.

விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் 28-ஆம் பத்தி, தக்க காரணம் இன்றி எந்த உற்பத்தியாளரும் விநியோகஸ்தரும் ஒரு டீலருக்கு மருந்து விற்க மறுக்கக்கூடாது என்கிறது. "சங்கத்தின் லெட்டர் இல்லை" என்பது தக்க காரணம் ஆகாது என்று நான் உறுதியாக வாதிடுவேன். மறுப்பு நேர்ந்தால் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்துக்கும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் புகார் அனுப்பலாம்.

இதைவிட வலுவானது போட்டிச் சட்டம் 2002-இன் 3(3) பிரிவு. ஒரே தொழிலில் உள்ளவர்களோ அவர்களின் சங்கமோ விலையை நிர்ணயித்தாலும், வழங்கலைக் கட்டுப்படுத்தினாலும், சந்தையைப் பங்குபோட்டாலும், அதனால் போட்டிக்குக் கேடு விளைவதாகவே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பாரம் அவர்கள்மீது விழும். மருந்து வணிகத்தில் இந்தியப் போட்டி ஆணையம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறது. கோவாவின் மருந்து வணிகர் சங்கத்துக்கு 2012-இல் அபராதம் விதித்தது. பழக்கம் தொடர்ந்ததால் 2014-இல் மறுபடியும் விதித்தது. ஒடிசாவின் சாந்துகா அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் கொண்டுவந்த வழக்கில், ஏ.ஐ.ஓ.சி.டி. என்று அறியப்படும், மருந்து வணிகர்களின் அகில இந்திய அமைப்புக்கே 2013 பிப்ரவரியில் சுமார் 47 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, தடையில்லாச் சான்று கேட்கும் நடைமுறையை நிறுத்தச் சொன்னது. மருந்து விநியோகத்தில் சங்கங்களின் சுயக் கட்டுப்பாடு போட்டியை மழுங்கடித்து வணிக இலாபப் பங்கை உயர்த்துகிறது என்று 2018 அக்டோபரில் வெளியிட்ட கொள்கைக் குறிப்பிலும் எழுதியது.

கேரளத்திலிருந்து வந்த வழக்கு உங்களுக்கு எச்சரிக்கையாகவும் இருக்கட்டும். சங்கத்தின் சான்று இல்லை என்பதற்காக ஒரு மொத்த விற்பனையாளருக்குச் சரக்கு நிறுத்தப்பட்டதில், 2015-இல் ஆணையம் மருந்து நிறுவனத்துக்கும் 74 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நிறுவனத்தின் மீதான அந்த உத்தரவை நீக்கிவிட்டது. சங்கத்துக்கு எதிராக நிரூபிப்பது ஒன்று, நிறுவனமும் அதற்கு உடந்தை என்று நிரூபிப்பது வேறு. உங்கள் புகார் சங்கத்தின் முடிவைக் குறிவைக்கட்டும். பயந்து மறுத்த ஸ்டாக்கிஸ்டைச் சாட்சியாக நினையுங்கள். நாளை அவரிடம்தான் நீங்கள் சரக்கு வாங்க வேண்டும்.

ஆணையத்திடம் போனால் கிடைப்பதும் கிடைக்காததும்

யார் வேண்டுமானாலும் ஆணையத்துக்குத் தகவல் மனு அளிக்கலாம் என்று 2020-இல் சமீர் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தனிநபருக்கான கட்டணம் நிறுவனங்களுக்கானதைவிடக் குறைவு. 2021 முதல் சென்னையில் ஆணையத்தின் மண்டல அலுவலகம் இயங்குகிறது. முதல் நோக்கில் முகாந்திரம் இருந்தால் தலைமை இயக்குநரின் விசாரணைக்கு அனுப்புவார்கள். இறுதியில் நிறுத்த உத்தரவும், சராசரி வருமானத்தின் 10 சதவீதம் வரை அபராதமும், பொறுப்பாளர்கள்மீது தனிப்பட்ட முறையிலும் அபராதமும் வரலாம்.

ஆனால் அபராதம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது. இழப்பீடு வேண்டுமென்றால், ஆணையத்தின் தீர்ப்புக்குப் பின் போட்டிச் சட்டத்தின் 53என் பிரிவின்கீழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியே மனு செய்ய வேண்டும். எல்லாம் முடிய ஆண்டுகள் ஆகும். இடைக்கால உத்தரவுக்கு 33-ஆம் பிரிவு இருக்கிறது; அது எளிதில் கிடைக்காது. உள்ளூர் சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்ற உங்கள் எண்ணத்துக்கு 61-ஆம் பிரிவு தடையாக நிற்கும். பெயரை இரகசியமாக வைக்கும்படி கோரலாம். ஆனால் அந்தத் தெருவில் புதிதாக வரும் கடை உங்களுடையது ஒன்றே என்னும்போது அது எவ்வளவு காக்கும் என்று நான் உறுதி தர முடியாது. பொய்யான தகவல் அளிப்பதற்குத் தண்டனை கடுமையானது என்பதால், காதால் கேட்டதையும் கையில் உள்ளதையும் பிரித்தே எழுத வேண்டும்.

ஆதாரம் இன்றைக்கு உங்களிடம் அநேகமாக எதுவும் இல்லை. எல்லாம் வாய்ச்சொல்லாக நடந்திருக்கிறது. இனி ஆர்டர்களை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்புங்கள். பணம் முன்கூட்டியே தரத் தயார் என்று அதில் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் கடன் தர விருப்பமில்லை என்று சொல்லித் தப்பிவிடுவார்கள். மறுத்தால் காரணம் கேட்டு ஒரு வரி எழுதுங்கள். சங்கம் கேட்கும் தொகைக்கு ரசீதும், நிபந்தனைகளுக்கு எழுத்து வடிவமும் கேளுங்கள். செல்போனில் உள்ள செய்திகளை அழிக்க வேண்டாம், அதே போனை மாற்றவும் வேண்டாம். மின்னணு ஆதாரத்துக்குப் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்து மிரட்டினால் அது போட்டிச் சட்டத்தின் விவகாரம் அல்ல, காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டிய புகார்.

உங்கள் தோழிகளின் யோசனை

உங்களைப் போலவே கடை திறக்க விரும்பும் நான்கு பேர் சேர்ந்து, எல்லோரும் ஒரே 15 சதவீதத் தள்ளுபடி என்று ஒப்பந்தம் செய்துகொண்டு சங்கத்தை எதிர்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இதை உடனே கைவிடுங்கள். போட்டியாளர்கள் சேர்ந்து விலையை முடிவு செய்வது, அது குறைந்த விலையாக இருந்தாலும், அதே 3(3) பிரிவின் கீழ் கேள்விக்குரியதாகிவிடும். சேர்ந்து மனு அளிக்கலாம், செலவைப் பகிர்ந்துகொள்ளலாம், ஒரே வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். விலையை மட்டும் ஒவ்வொருவரும் தனியாகத் தீர்மானியுங்கள்.

சங்கத்துக்குப் பணம் கட்டிவிடலாமா என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். சங்கத்தில் உறுப்பினராவதில் தவறு இல்லை. எக்ஸ்பைரி சரக்கைத் திருப்புவது, வரிச் சிக்கல் போன்றவற்றில் அவர்களால் உதவியும் உண்டு. ஆனால் தள்ளுபடி தரமாட்டேன் என்ற தாளில் கையெழுத்திட்டால், இன்று பாதிக்கப்பட்டவராக இருக்கும் நீங்கள் நாளை அந்த ஏற்பாட்டில் ஒரு பங்காளி ஆவீர்கள். சந்தா கட்டலாம். கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொரு வழியும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரி 24-இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத் திட்டத்தில், டி.பார்ம்., பி.பார்ம். படித்த தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. மத்திய அரசின் மக்கள் மருந்தகத் திட்டமும் இருக்கிறது. இவற்றில் ஜெனரிக் மருந்துகள் அரசு ஏற்பாட்டிலேயே வருவதால் உள்ளூர் ஸ்டாக்கிஸ்டின் தயவு பெருமளவு தேவைப்படாது. பிராண்டு மருந்து எழுதும் மருத்துவர்களின் சீட்டு உங்களிடம் குறைவாகவே வரும் என்பது இதன் மறுபக்கம். அரசு மருத்துவமனைக்கு அருகே, தொடர் மருந்து வாங்கும் சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகள் நடமாடும் இடத்தில் இதைத் தீவிரமாக யோசிக்கலாம் என்பது என் கருத்து.

இடத்தின் முன்பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டிய நிலை இன்னும் வரவில்லை. இந்த வாரமே படிவம் 19-ஐக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உரிமம் கையில் வந்த நாள் முதல் எழுத்தில் ஆர்டர் அனுப்பத் தொடங்குங்கள். போட்டிச் சட்டத்தில் 2023-இல் வந்த திருத்தத்துக்குப் பின், காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் ஆணையத்திடம் போக வேண்டும் என்பதால், ஸ்டாக்கிஸ்ட் முதலில் மறுத்த தேதியை இப்போதே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எழுத்தில் மூன்று மறுப்புகளாவது சேர்ந்ததும் அந்தக் காகிதங்களுடன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மனுவை அதன்பிறகு எழுதலாம்.